'அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்': கடும் நோயை நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

கோவிந்தாபுரம் (பாலக்காடு): பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடைப் பலகைகளின் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. முதலமடை ஊராட்சியின் மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தமிழ்தான். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் இது பொருந்தும். இங்குள்ள ஒருவருக்குத் தீராத நோய் வந்தால், அந்தச் செய்தி எந்த மொழியில், யார் வாய் வழியாக, எவ்வளவு மிச்சத்துடன் அவரை வந்தடைகிறது என்பது, எல்லைக்கு அப்பால் வாழ்பவர்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது.

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய கல்லீரல் நோய், குழந்தைக்குப் பிறவியிலேயே அமைந்த குறைபாடு போன்றவற்றை முதன்முதலில் நோயாளியிடம் தெரிவிக்கும் உரையாடலை மருத்துவ உலகம் 'கெட்ட செய்தியைச் சொல்லுதல்' என்று அழைக்கிறது. ஒருவர் தம் எதிர்காலத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தை மோசமான திசையில் அடியோடு மாற்றிவிடும் எந்தத் தகவலும் கெட்ட செய்திதான் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இதன்படி, தோப்பில் மரமேறிப் பிழைப்பவருக்கு 'இனி ஏறக் கூடாது' என்று சொல்வதும் கெட்ட செய்தியே. மருத்துவருக்கு அது பத்தோடு பதினொன்றாகச் சொல்லும் அறிவுரையாக இருக்கலாம்; கேட்பவருக்கு அன்றோடு வாழ்வாதாரம் முடிகிறது.

சொல்லாமல் இருப்பதே கருணை எனக் கருதிய காலம்

நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மேற்கத்திய மருத்துவத்தில் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நினைப்பது தவறு. 1961-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் டொனால்ட் ஓகன் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ மருத்துவமனை ஒன்றின் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினர். 1979-இல் இதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்புவதாகக் கூறினர். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சிகிச்சை முறைகள் மேம்பட்டன. நோயாளியின் உரிமை குறித்த பேச்சு வலுத்தது. இறக்கும் தறுவாயில் இருப்பவர்களிடமே நேரில் பேசி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய நூல் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. ஜப்பானில் மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. 1989 ஜனவரியில் மறைந்த பேரரசர் ஹிரோஹிட்டோவின் புற்றுநோய், அவர் மறையும்வரை மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

ஆகவே, 'நம் பண்பாட்டில் இதையெல்லாம் சொல்வதில்லை' என்ற வாதத்தைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு எல்லா நாடுகளின் பண்பாடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது? இன்றும் நடைமுறையில் உள்ள 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை நெறிமுறைகள், நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. ஆனால் தகவலை யாரிடம் சொல்வது என்ற இடத்தில் நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர் என மூவரையும் ஒரே வரிசையில் வைக்கின்றன. அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில்தான் இந்நாட்டு மருத்துவமனைகளின் அன்றாட வழக்கம் முழுவதும் தங்கியிருக்கிறது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கிய மருத்துவர் முதலில் தேடுவது நோயாளியின் மகனையோ மருமகனையோதான்.

பின்னர் வந்த ஆவணங்கள் சற்றுத் தெளிவானவை. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் குறித்து, சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பு, முடிவெடுக்கும் நிலையிலுள்ள நோயாளிக்குப் பதிலாக அவருடைய தாய் அளித்த ஒப்புதலை ஏற்க மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட நோயாளிகள் உரிமை சாசனத்தில் முதல் உரிமையே தகவல் பெறும் உரிமைதான். நோயாளிக்குப் புரியும் அளவிலும் அவருக்குத் தெரிந்த மொழியிலும் விளக்க வேண்டும் என்று அது கூறுகிறது. கோவிந்தாபுரம் போன்ற ஊர்களுக்கு 'தெரிந்த மொழியில்' என்ற சொற்கள்தான் முக்கியம்.

'அர்புதம்' என்றால் என்ன?

மலையாளத்தில் புற்றுநோய்க்கு வழங்கும் சொற்களில் ஒன்று 'அர்புதம்'. வடமொழியிலிருந்து வந்தது. தமிழ்க் காதுக்கு அது 'அற்புதம்' என்றே விழும். பேச்சில் இரு மாநிலத்தவரும் 'கேன்சர்' என்றே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது என்றாலும், விழிப்புணர்வுத் தட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் அச்சொல் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் மிகச் சாதாரணச் சொற்களில் இருக்கிறது. மலையாளத்தில் நோய் 'மாறும்' என்றால் குணமாகும் என்று பொருள். தமிழில் மாறும் என்றால் வேறொன்றாகும். 'இது மாறாது' என்ற கருத்தில் மலையாளத்தில் சொல்லப்படும் வாக்கியம் 'இந்நோய் குணமாகாது' என்ற கடுமையான செய்தி. மலையாளம் அரைகுறையாகத் தெரிந்த தமிழருக்கோ, 'இப்போதுள்ள நிலையிலேயே இருக்கும், மோசமாகாது' என்ற ஆறுதலாக அது கேட்கக்கூடும். 'பேதம்' என்றால் மலையாளத்தில் நோய் தணிதல். தமிழில் வேற்றுமை, சற்று மாற்றிக் கேட்டால் வயிற்றுப்போக்கு. 'பேடிக்க வேண்டாம்' என்பது அங்கே 'பயப்பட வேண்டாம்' என்ற அன்பான சொல். தமிழில் 'பேடி' வசைச்சொல். கரள் என்றால் கல்லீரல், விருக்கை என்றால் சிறுநீரகம், முழை என்றால் கட்டி என்பதெல்லாம் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து மணமாகி வந்த மூத்த பெண்களுக்கும், பருவ வேலைக்கு வந்து தங்கியவர்களுக்கும் தெரியும் என்று மருத்துவர் எடுத்துக்கொள்ள முடியாது.

எதிர்த்திசையிலும் இதே நிலைதான். பாலக்காட்டிலிருந்து உயர் சிகிச்சைக்காகக் கோவைக்கு வரும் மலையாளிகள் ஏராளம். அங்கே அவர்கள் கேட்பது தமிழ் மருத்துவரின் மலையாளத்தை. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலுள்ள தேயிலை, ஏலத் தோட்டத் தமிழர்களுக்கு ஒருபுறம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி, மறுபுறம் மலையிறங்கினால் தேனி மருத்துவக் கல்லூரி. எங்கு போவது என்பதைத் தீர்மானிப்பதில் பேருந்து வசதிக்கு நிகராக மொழியும் பங்கு வகிக்கிறது.

இருமொழி எல்லையில் மருத்துவமனைக்குள் மொழிபெயர்ப்பாளர் ஆவது பெரும்பாலும் வீட்டின் இளையவர், அதாவது பள்ளி, கல்லூரியில் படிக்கும் மகளோ பேரனோ. இது எவ்வளவு ஆபத்தானது என்பதை அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 13 குழந்தை மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள் காணப்பட்டன. அவற்றில் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக் கூடியவை. பயிற்சி இல்லாதவர்கள் மொழிபெயர்த்தபோது அந்த அளவு மேலும் கூடியது. இவை காது வலி, காய்ச்சல் போன்ற சாதாரணச் சந்திப்புகளில் நேர்ந்த பிழைகள். தாய்க்கு வந்திருப்பது புற்றுநோய் என்பதை அந்த நொடியில்தான் தானும் அறிந்துகொள்ளும் ஒரு பெண், அதைத் தாயிடம் மொழிபெயர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் பிழை என்ற சொல்லால் அளக்க முடியாது. அவள் சொல்வது பெரும்பாலும் 'ஒன்றுமில்லையாம் அம்மா, இன்னும் ஒரு டெஸ்ட் எடுக்கணுமாம்' என்பதாகத்தான் இருக்கும்.

அறிவிப்பதற்கு முன் கேட்பது

இவ்வுரையாடலுக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை 'ஸ்பைக்ஸ்' எனப்படுகிறது. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த வால்டர் பெய்ல், டொரொண்டோவின் ராபர்ட் பக்மேன் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பக்மேன் புற்றுநோய் மருத்துவர் மட்டுமல்லர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நகைச்சுவை எழுதி நடித்தவர். இளம் வயதிலேயே கடும் தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆளாகி மரணத்தின் விளிம்பைப் பார்த்தவர். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று 1992-இல் அவர் எழுதிய நூலில் படுக்கையின் இந்தப் பக்கத்து அனுபவமும் அந்தப் பக்கத்து அனுபவமும் சேர்ந்தே இருந்தன.

ஆறு படிகள் கொண்ட இம்முறையில் அமைதியான இடம், உட்கார்ந்து பேசுதல், அலைபேசியை ஒதுக்கி வைத்தல் போன்றவை முதல் படி. பரபரப்பான அரசு மருத்துவமனை புறநோயாளர் பிரிவில் இவற்றில் பாதிகூட வாய்ப்பதில்லை என்பது மருத்துவர்களே ஒப்புக்கொள்வது. ஆனால் முறையின் உயிர் இரண்டாம், மூன்றாம் படிகளில் இருக்கிறது. அவற்றுக்குத் தனி அறை தேவையில்லை. மருத்துவர் எதையும் அறிவிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். 'உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அம்மா?' என்பது முதல் கேள்வி. 'பரிசோதனை முடிவை முழுவதும் உங்களிடம் சொல்லட்டுமா, அல்லது வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?' என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் மருத்துவர்களை வியக்க வைப்பதுண்டு. ஆறு மாதமாக எடை குறைந்து, அக்கம்பக்கத்தார் தம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பெரும்பாலும் தாமாகவே முடிவுக்கு வந்திருப்பார். அவருக்குச் செய்தி தேவையில்லை, உறுதிப்படுத்தல் மட்டுமே தேவை. வேறு சிலர் வயிற்றுப் புண் என்று நம்பி வந்திருப்பார்கள். இருவருக்கும் ஒரே வாக்கியத்தில் தொடங்க இயலாது. இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. தகவலைப் பெறும் உரிமையில் பெறாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். 'எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், தம்பியிடம் சொல்லுங்கள்' என்று நோயாளியே சொன்னால் அது அவருடைய முடிவு. தம்பியே முன்வந்து அந்த முடிவை எடுத்துக்கொள்வது வேறு.

அடுத்துச் செய்தி. 'நான் சொல்லப்போவது நல்ல செய்தி அல்ல' என்று ஒரு முன்னெச்சரிக்கை வாக்கியம். பிறகு சுருக்கமாக, மருத்துவக் கலைச்சொல் இன்றி, ஒரு நேரத்தில் ஒரு தகவல். அதன்பின் மௌனம். பயிற்சியில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இந்த மௌனம்தான் என்கின்றனர் பயிற்றுநர்கள். கண்ணீரைக் கண்டதும் சிகிச்சை முறைகளைப் பட்டியலிடத் தொடங்குவது மருத்துவர்களின் இயல்பு. அந்த நேரத்தில் சொல்லப்படும் எதுவும் நோயாளியின் மனத்தில் பதிவதில்லை. கடைசிப் படி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம், மறுமுறை சந்திக்கும் நாள்.

இதற்கு இந்தியாவிலிருந்தும் ஒரு மாற்று உண்டு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் செரியன் கோஷி உள்ளிட்ட மூவர் 2010-இல் வலி நிவாரண மருத்துவத்துக்கான இந்திய இதழில் 'பிரேக்ஸ்' என்ற முறையை வெளியிட்டனர். நோயாளியின் பின்புலத்தை, அதாவது கல்வி, குடும்பம், பொருளாதாரம், நம்பிக்கை ஆகியவற்றை முதலில் அறிந்துகொள்வதிலிருந்தே அது தொடங்குகிறது. உறவினர் கூட்டத்துடனேயே நோயாளி வரும் நாட்டில் இது இயற்கையான தொடக்கம்.

'பாசிட்டிவ்' என்று வந்தால் நல்லது என எண்ணுவோர் இன்னும் உண்டு. 'அட்வான்ஸ் ஸ்டேஜ்' என்பதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலக் கலைச்சொல் செய்தியை மென்மையாக்குவதுபோல் தோன்றினாலும், பல நேரங்களில் அது செய்தியையே மறைத்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே, முற்றிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 1,193 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 விழுக்காட்டினரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 விழுக்காட்டினரும் அச்சிகிச்சை நோயைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. சொன்னதாக மருத்துவர் நினைப்பதும் கேட்டதாக நோயாளி நினைப்பதும் ஒன்றல்ல.

குடும்பம் போடும் திரை

'அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். தாங்க மாட்டார்.' புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் எந்த மருத்துவரும் இதைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடப்பதில்லை. வலி நிவாரண மருத்துவத்தில் இதைக் கூட்டு மறைப்பு என்று குறிப்பிடுகிறார்கள். மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து நோயாளியிடமிருந்து உண்மையை மறைப்பது. சில வேளைகளில் எல்லாம் தெரிந்த நோயாளி, பிள்ளைகள் வருந்துவார்களே என்று தெரியாததுபோல் நடிப்பது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் பேசாமலிருப்பது வரை அது போகிறது.

இந்த வேண்டுகோளை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு நோயாளியிடம் நேரே சென்று சொல்லிவிடும் மருத்துவர், சட்டப்படி சரியாக நடந்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் முதல் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை அவருக்குக் கிடைக்காது. மருந்து வாங்கித் தருவதும் இரவில் கண்விழித்திருப்பதும் அந்தக் குடும்பம்தான். கேரளத்தின் வலி நிவாரணப் பயிற்சிகளில் இதற்கு வேறு வழி கற்பிக்கப்படுகிறது. முதலில் அந்த அச்சத்தை ஏற்றுக்கொள்வது: 'உங்கள் அம்மாமீது உங்களுக்கு எவ்வளவு பாசம் என்று தெரிகிறது. சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?' பிறகு, மறைப்பதால் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்பது. தாய் இரவில் தூங்குகிறாரா? நோயைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்டபோது மகன் என்ன சொன்னார்? பெரும்பாலும் அந்த விடைகளிலேயே, தாய் ஏற்கெனவே சந்தேகிக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். கடைசியாக ஓர் உடன்பாடு: 'நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். அப்போது நீங்களும் அருகில் இருங்கள்.'

மறைப்பதன் விலை உணர்ச்சி சார்ந்தது மட்டுமல்ல. தம் நோயின் நிலை அறியாத ஒருவர், குணமாகும் என்று எண்ணித் தமக்கு இருக்கும் ஒரே நிலத்தை விற்றுச் சிகிச்சை பெறச் சம்மதிப்பார். மகளின் திருமணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பார். கதிரியக்கச் சிகிச்சைக்குப் பாதியிலேயே வராமல் நின்றுவிடுவார், சாதாரணக் கட்டிக்கு இத்தனை அலைச்சலா என்று. கூலி வேலையை நம்பியுள்ள வீடுகளில் இந்த முடிவுகளைத் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. கோவிந்தாபுரத்தின் அம்பேத்கர் குடியிருப்பு, தீண்டாமைப் புகார்களால் 2017-இல் மாநிலம் முழுவதும் பேசப்பட்ட இடம். அங்குள்ள தமிழ் பேசும் தலித் குடும்பங்களைப் போன்றவர்களிடம், 'உங்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது' என்ற தொனியும் மருத்துவ உரையாடலுக்குள் எளிதாக நுழைந்துவிடக்கூடும். குடும்பத்தின் பாசத்தால் எழும் மறைப்பும், சமூகத்தின் அலட்சியத்தால் எழும் மறைப்பும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரியும்.

உண்மை தெரிந்தால் நோயாளி சீக்கிரம் போய்விடுவார் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே வலி நிவாரணக் குழுவுடன் இணைக்கப்பட்டவர்கள் சராசரியாக 11.6 மாதங்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தனர். முதல் குழுவினரிடம் மனச்சோர்வும் குறைவாகவே காணப்பட்டது. நோயின் நிலை குறித்து நோயாளி எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று பேசுவதும் அந்தக் குழுவின் பணிகளில் ஒன்று.

'எத்தனை நாள் தாங்கும்?'

எல்லா உரையாடலும் வந்து சேரும் கேள்வி இது. திரைப்படங்களில் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'ஆறு மாதம்' என்பார். உண்மையில் மருத்துவர்களின் கணிப்பு அவ்வளவு நம்பகமானதல்ல. சிகாகோவில் 343 மருத்துவர்கள், 468 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 20 விழுக்காடு கணிப்புகளே சரியாக இருந்தன. 63 விழுக்காடு உண்மையைவிட நீண்ட ஆயுளைச் சொன்னவை. நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவரின் கணிப்பில்தான் பிழை கூடுதலாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எனவேதான் எண்ணாகச் சொல்லாமல் எல்லையாகச் சொல்லும்படி அறிவுறுத்தப்படுகிறது. 'ஆண்டுக் கணக்கில் என்று நினைக்கவில்லை. மாதக் கணக்கில் இருக்கலாம்' என்பது போன்ற வாக்கியம். கேள்வியின் பின்னே இருப்பதையும் கேட்க வேண்டும். துபாயிலிருக்கும் மகனை எப்போது வரச் சொல்வது, நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, கோயில் நேர்த்திக்கடனை முடித்துவிட முடியுமா என்பவைதான் பெரும்பாலும் 'எத்தனை நாள்' என்ற கேள்வியின் உள்ளே இருப்பவை.

வலி நிவாரண மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.' நோயைக் குணப்படுத்துவதற்கு வழி இல்லாமல் போகலாம். வலியைக் குறைக்க, மூச்சுத் திணறலைத் தணிக்க, புண்ணைச் சுத்தம் செய்ய, குடும்பத்துக்குக் கற்றுத்தரக் கடைசி நாள்வரை ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும்.

வீட்டுக்கு வரும் செவிலியர்

இந்த இடத்தில் கேரளம் பிற மாநிலங்களிலிருந்து வேறுபடுகிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் உள்ளிட்டோர் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், பின்னர் மலப்புறம் வட்டாரத்தில் ஊர்த் தன்னார்வலர்களைக் கொண்ட வலையமைப்பாக வளர்ந்தது. 2008-இல், இந்திய மாநிலங்களில் முதலாவதாகக் கேரள அரசு வலி நிவாரணக் கொள்கையை அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக ஊராட்சிகளின் பொறுப்பில், ஆரம்ப சுகாதார நிலையங்களுடன் இணைந்த செவிலியர்கள் படுத்த படுக்கையாக உள்ளவர்களின் வீடுகளுக்கே செல்கின்றனர்.

நோயறிவித்தல் என்பது ஒரே நாளில் முடியும் நிகழ்வு அல்ல என்பதால் இந்த அமைப்பு முக்கியமாகிறது. மருத்துவக் கல்லூரியில் இரண்டு நிமிடத்தில் சொல்லப்பட்டதன் பொருள் என்னவென்று நோயாளி கேட்பது பெரும்பாலும் வீட்டுக்கு வரும் செவிலியரிடமே. புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், 'எனக்கு உண்மையில் என்ன வந்திருக்கு, சிஸ்டர்?' என்று கேள்வி வரும்.

எல்லையூரில் இந்தச் சங்கிலி அறுபடும் இடமும் உண்டு. கோவையில் நோய் கண்டறியப்பட்டு வீடு திரும்பும் ஒருவரின் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய சிகிச்சைச் சுருக்கம் மட்டுமே. நோயாளியிடம் எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது, குடும்பம் எதை மறைக்கச் சொல்லியிருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே சென்று அளிக்கும் வலி நிவாரணச் சேவை உண்டு. ஆனால் இரு மாநிலத் திட்டங்களும் அவரவர் எல்லைக்குட்பட்ட குடும்பங்களுக்கானவை. முதலமடை ஊராட்சிக்கு உட்பட்ட பறம்பிக்குளத்தின் காடர், மலசர் குடியிருப்புகளின் நிலை இதைவிட விசித்திரமானது. சொந்த ஊராட்சித் தலைமையிடத்துக்குச் சாலை வழியே வரவே அவர்கள் தமிழ்நாட்டின் டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகச் சுற்றிவர வேண்டும்.

கற்றுக்கொடுக்க முடியுமா?

நேரமின்மைதான் மருத்துவர்கள் கூறும் முதல் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் முதன்மை மருத்துவச் சந்திப்பின் சராசரி நேரம் சுமார் 2 நிமிடங்கள். ஆனால் நேரம் இருக்கும் இடத்திலும் பழக்கம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஆய்வொன்று, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிடுவதாகக் கண்டது.

அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-இல் உருவாக்கி, 2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இணைக்கப்பட்ட மனப்பான்மை, அறநெறி, உரையாடல் குறித்த பாடப்பகுதி, கெட்ட செய்தி சொல்லும் பயிற்சியையும் உள்ளடக்கியது. நோயாளியாக நடிப்பவரிடம் பேசிப் பழகுவதே அதன் வழி. இதற்கு முன் படித்து முடித்தவர்கள், அதாவது இன்று பணியிலுள்ள பெரும்பான்மையோர், மூத்த மருத்துவர் சொல்வதை ஓரமாக நின்று பார்த்துக் கற்றவர்கள். அந்த மூத்தவர் நன்றாகப் பேசுபவராக அமைந்தால் அது அவர்களின் நல்லூழ்.

முறைப்படி செய்ய முடியும் என்பதற்கு நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1986-இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பிறகு உருவான ஏற்பாடுகளில், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை என்பது கட்டாய வழக்கமானது. 2017-ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதியாக்கியது. நோயாளியின் சம்மதம் இன்றி அவருடைய நிலையை மற்றவரிடம் தெரிவிக்க அச்சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஒரே மருத்துவமனையில், எச்.ஐ.வி. முடிவு நோயாளியிடம் மட்டும் பயிற்சி பெற்ற ஆலோசகரால் சொல்லப்படுகிறது; பக்கத்து அறையில் புற்றுநோய் முடிவு வராந்தாவில் நிற்கும் மருமகனிடம் சொல்லப்படுகிறது.

நோயாளியும் குடும்பமும் கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. நோயின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்கலாம். சிகிச்சை நோயைக் குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா, துன்பத்தைக் குறைக்கவா என்று நேரடியாகக் கேட்கலாம். புரிந்ததை மருத்துவரிடமே திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்பது மிகப் பயனுள்ளது. மொழி மாறும் இடங்களில் இதைவிட எளிய பாதுகாப்பு வேறில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழிவகை செய்கிறது. மருத்துவமனையில் தமிழ் தெரிந்த செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு பேசுமாறு கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

வீட்டில் படுத்த நிலையில் நோயாளி இருந்தால், ஊராட்சியின் வலி நிவாரணச் செவிலியரை ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஆஷா பணியாளர் மூலம் அணுகலாம். கேரளத்தின் 'திசா' உதவி எண் 1056. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. நோய்ச் செய்தியால் மனம் தளர்ந்திருக்கும் நோயாளிகளும் உறவினர்களும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம்.